புதிதாகத் தனித்து இயங்கும் இன்டீரியர் டிசைனர் கட்டணத்தை எப்படி வைப்பது, வேலையை எங்கே தேடுவது?

சென்னைப் பெருங்குடியில் ஓர் இன்டீரியர் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி, கடைசியாக மாதம் ரூ.38,000 சம்பளம் வாங்கிய நீங்கள், இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் வாடிக்கையாளர்களை எப்படிப் பிடிப்பது, சதுர அடிக்கு எவ்வளவு வாங்குவது, நண்பர்கள் சொல்வதுபோல் முதல் சில வீடுகளைக் குறைந்த விலைக்கு முடித்துக் கொடுத்துப் பெயர் வாங்கிய பிறகு கட்டணத்தை உயர்த்தலாமா, பதிவு, அலுவலகம் போன்றவை உடனடியாகத் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாடிக்கையாளரைப் பெறுவதையும் கட்டணம் வைப்பதையும் தனித்தனியாக யோசிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். நீங்கள் எந்த முறையில் பணம் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தே எந்த வகையான வாடிக்கையாளர் உங்களிடம் வருவார் என்பதும், வந்தவர் உங்கள் சொல்லை எவ்வளவு நம்புவார் என்பதும் அமையும். குறைந்த விலைக்காக வந்தவர் தன் நண்பரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது முதலில் அந்த விலையைத்தான் சொல்வார். அடுத்து வருபவரும் அதே தொகையை எதிர்பார்த்துத்தான் வருவார். ஆகவே, முதலில் குறைத்து வாங்கிப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம் என்ற யோசனை இந்தத் தொழிலில் அநேகமாக நடப்பதில்லை. உங்கள் வாழ்க்கைச் செலவு முழுவதையும் தாங்கக்கூடிய, வடிவமைப்புக்கு மட்டுமேயான ஒரு கட்டணத்தை முதல் வீட்டிலிருந்தே வாங்குவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன், உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கையில் வந்துகொண்டிருந்த ரூ.38,000 தொடர்ந்து வர வேண்டும். மென்பொருள் சந்தா, பெட்ரோல், தொலைபேசி, பிரின்ட் செலவு, இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டிய லேப்டாப்புக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்ந்து ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். இதுவரை நிறுவனம் செலுத்திவந்த வருங்கால வைப்பு நிதிப் பங்கும் மருத்துவக் காப்பீடும் இனி உங்கள் பொறுப்பு, அதற்கு ரூ.8,000. வேலை இல்லாத மாதங்களுக்காக எடுத்து வைக்க வேண்டியது ரூ.15,000. மொத்தம் மாதம் ரூ.75,000 ஆகிறது. சம்பளத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இது பேராசையாகத் தோன்றலாம். ஆனால் இதில் உங்கள் கைக்கு வருவது பழைய சம்பளம் மட்டுமே.

அடுத்தது நேரம். மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். இதில் புதியவர்களைச் சந்திப்பது, கொட்டேஷன் தயாரிப்பது, கணக்கு எழுதுவது, வராத பணத்துக்காக நினைவூட்டுவது ஆகியவற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். புதிதாகத் தொடங்கியவருக்குப் பாதி நேரம் அவற்றிலேயே போய்விடும் என்று எடுத்துக்கொண்டால், பணம் வரக்கூடியது 100 மணி நேரம். அப்படியானால் உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு ரூ.750. இந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மணிக் கணக்கு என்றாலே வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது என்று நீங்கள் முடிவெடுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய எண் அது.

சாதாரண இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க 6 மணி நேரம், லே-அவுட் போட 16, முப்பரிமாணப் படங்களுக்கு 24, ஆசாரி கையில் கொடுக்கும் வொர்க்கிங் டிராயிங்குகளுக்கு 24, லேமினேட், கைப்பிடி, விளக்கு தேர்வு செய்யக் குடும்பத்தாருடன் கடைகளுக்குச் செல்ல 10, பயண நேரமும் சேர்த்துப் பத்து சைட் விசிட்டுக்கு 30 என்று வைத்தால் மொத்தம் 110 மணி நேரம். கட்டணம் ரூ.82,500. உங்கள் வேகத்துக்கு ஏற்ப இந்த மணி நேரங்கள் மாறும். உண்மையான கணக்கைக் குறித்து வைத்தீர்களானால், இரண்டாவது மூன்றாவது வீட்டிலேயே உங்கள் எண் எது என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர் அறுபதாயிரம்தான் தர முடியும் என்றால், அதே வேலையை அறுபதாயிரத்துக்கு ஒப்புக்கொள்ளாமல், சைட் மேற்பார்வை இல்லாமல் டிராயிங்குகளை மட்டும் தருகிறேன் என்று சொல்லுங்கள். ரூ.22,500 குறைந்து சரியாக அந்தத் தொகைக்கு வந்து நிற்கும். முப்பரிமாணப் படம் ஹாலுக்கும் சமையலறைக்கும் மட்டும் போதுமா என்றும் கேட்கலாம். எதை நீக்கினால் எவ்வளவு குறையும் என்று உங்களால் தயங்காமல் சொல்ல முடிகிறபோது, பேரம் பேசுபவருக்கும் உங்கள் தொகை ஆகாயத்திலிருந்து வந்ததில்லை என்பது புரிந்துவிடும்.

சதுர அடிக் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். 650 சதுர அடி வீட்டின் சமையலறைக்கும் 1,200 சதுர அடி வீட்டின் சமையலறைக்கும் உங்கள் மூளையும் கையும் செலவிடும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். சின்ன வீட்டில் இடநெருக்கடி காரணமாகக் கூடுதலாகவே யோசிக்க வேண்டிவரும். வேலையின் மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்ற முறை பெரிய வேலைகளில் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் வீடுகளில் அது ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது. நீங்கள் நல்ல கீலைப் பரிந்துரைக்கும்போதெல்லாம், செலவு கூடினால் இவருக்கும் வரவு கூடுமே என்று அந்தக் குடும்பம் நினைக்கத் தொடங்கினால் அதன் பிறகு உங்கள் நல்ல ஆலோசனைகூட எடுபடாது. கட்டங்கட்டமாகப் பிரித்த மொத்தத் தொகையே இருவருக்கும் நல்லது.

இங்கே கமிஷனைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். சைடனாம்ஸ் சாலையின் பிளைவுட் கடைக்கு ஒரு வாடிக்கையாளரை அழைத்துச் சென்றால், மறுநாள் கடைக்காரர் உங்களை அழைத்து ஒரு தொகை தர முன்வருவது இந்தத் தொழிலில் புதிதல்ல. டிசைன் கட்டணத்தைக் குறைவாகச் சொல்லிவிட்டுக் கமிஷனில் ஈடுகட்டிக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து அந்தப் பாதையில் போகாதீர்கள். அந்தப் பணம் கடைக்காரர் கையிலிருந்து வருவதாகத் தோன்றினாலும், உங்களை நம்பி வந்த குடும்பத்தின் பில்லில் ஏற்றப்பட்டுத்தான் வருகிறது. எந்தக் கடையிலும் கமிஷன் பெறுவதில்லை, கடை தரும் தள்ளுபடி முழுவதும் உங்கள் பில்லிலேயே கழிக்கப்படும் என்ற ஒரு வரியைக் கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, அதற்கு மேல் இருபது ஆண்டுக் கடனையும் ஏற்று வீடு வாங்கியவருக்கு, தன் பக்கம் நிற்கும் ஒருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த ஒரு வரிக்குக் கிடைக்கும் வரவேற்பில் காண்பீர்கள். உங்கள் கட்டணம் உங்களைத் தாங்கினால்தான் அந்த வரியை எழுதும் துணிவு வரும் என்பதற்காகவே மேலே அவ்வளவு கணக்கும் போட்டேன்.

சரி, பெரிய நிறுவனங்கள் டிசைன் இலவசம் என்கிறார்களே என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அங்கே டிசைனுக்கான செலவு மரவேலையின் சதுர அடி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பொறுமையாக விளக்குங்கள். போட்டியாகப் பேசாதீர்கள், அந்த நிறுவனங்களிலும் நல்ல வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, அவர்கள் கொடுத்த கொட்டேஷனைப் படித்துச் சொல்வதையே ஒரு சிறிய சேவையாக வையுங்கள். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்து, பிளைவுட் பொது உபயோகத்துக்கான ஐ.எஸ். 303 வகையா, தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 வகையா, பெட்டிகளின் பின்பலகை எத்தனை மில்லிமீட்டர், கீலும் சேனலும் எந்தத் தரம், மின்வேலையும் பழைய டைல்ஸ் உடைப்பதும் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகக் குறித்துக் கொடுங்கள். அவர் அந்த நிறுவனத்திடமே போனாலும் உங்கள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு உரிய பணம் வந்துவிட்டது. அவர்களில் சிலர் முழு வேலையையும் உங்களிடமே தருவார்கள். தராதவரும் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார்.

வேலையைத் தேடும் இடத்துக்கு வருகிறேன். சென்னையில் இன்டீரியர் வேலை உருவாகும் இடம் எதுவென்று பார்த்தால், அடுத்த சில மாதங்களில் சாவி கொடுக்கப்போகும் அடுக்குமாடிக் குடியிருப்புகள்தாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடு வரும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டங்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, நாவலூர் என்று உங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போய்வரக்கூடிய தூரத்தில் எந்தத் திட்டம் எப்போது முடியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குடியிருப்பில் கவனத்தை வைப்பது, ஊர் முழுக்க அலைவதைவிட நல்லது. அங்கே ஒரு வீட்டை அளந்து வரைந்துவிட்டால், அதே அமைப்புள்ள மற்ற வீடுகளுக்கு உங்கள் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் குறைவில் ஒரு பங்கை விலையில் கொடுங்கள். மற்றது உங்கள் உழைப்பின் பலன்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போடுவதைவிட, அங்கே வாங்கியிருக்கும் ஒருவர் மூலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சந்தித்துப் பேசுவது பயன் தரும். பேசுவதற்கு உங்களிடம் விஷயம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தரைத்தளத்து அலமாரிகள் என்ன கதிக்கு ஆளாயின என்பதை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தரைத்தளத்தில் கீழ்ப் பெட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி ஸ்டீல் கால்களில் நிறுத்துவது, சிங்க்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் பலகையைப் போடுவது, திருவான்மியூர், கொட்டிவாக்கம்போலக் கடற்காற்று வரும் இடங்களில் துருப்பிடிக்காத 304 தர ஸ்டீல் கீல்களைக் கேட்டு வாங்குவது, மரவேலைக்கு முன் கரையான் மருந்து அடிப்பது ஆகியவற்றைப் பற்றி அரை மணி நேரம் தெளிவாகப் பேசுங்கள். எதையும் விற்காதீர்கள். கணினியில் வரைந்த பளபளப்பான படங்களைக் காட்டுவதைவிட இந்தப் பேச்சு உங்களை அதிகமாக நம்ப வைக்கும், ஏனென்றால் அந்தப் படங்களை இப்போது எல்லோரும் காட்டுகிறார்கள்.

அடுத்த வழி ஆசாரிகள். மரவேலை செய்யும் குழுவினரிடம் சரியான டிராயிங் இல்லாமல் வீட்டுக்காரரே நேரடியாக வேலை கொடுத்து, பாதியில் குழப்பமாகி நிற்கும் இடங்கள் நிறைய உண்டு. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் குழுக்களும் இருப்பதால், ஓரளவு இந்தி பேச முடிந்தால் உதவியாக இருக்கும். தெளிவான அளவுகளோடு டிராயிங் கொடுத்து, பலகை வீணாகாமல் வெட்டும் திட்டமும் போட்டுக் கொடுப்பவரை ஒரு நல்ல ஆசாரி மறக்கவே மாட்டார். இன்டீரியர் பிரிவு வைத்துக்கொள்ளாத சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகங்களையும் அணுகுங்கள். டிராயிங் மட்டும் வரைந்து தரும் வேலைக்கு விலை சற்றுக் குறைவென்றாலும் அலைச்சல் இல்லை, மந்தமான மாதங்களைத் தாங்கிப் பிடிக்கும். நீங்கள் பணியாற்றிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாதீர்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தில் அதற்கு என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆனால் அங்கே உடன் வேலை பார்த்தவர்களின் நட்பு உங்களுடையது.

சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று முதல் வேலைகள் உறவினர்களிடமிருந்தே வரக்கூடும். நம் வீட்டுப் பெண்தானே என்று அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. உறவுக்காக விட்டுக்கொடுக்க விரும்பினால் விட்டுக்கொடுங்கள். ஆனால் கொட்டேஷனில் முழுத் தொகையான ரூ.82,500ஐ எழுதி, அதற்குக் கீழே தள்ளுபடி இவ்வளவு என்று தனி வரியாகக் காட்டுங்கள். அப்போதுதான் அவர் தன் அலுவலக நண்பருக்கு உங்களைச் சொல்லும்போது சரியான தொகையைச் சொல்வார்.

பணம் வரும் காலத்தைப் பற்றி ஒரு விஷயம். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. தை பிறந்தவுடன் குடிபோக நினைப்பவர்கள் ஐப்பசியிலிருந்தே அவசரப்படுத்துவார்கள்; அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் பாலிஷும் பெயின்ட்டும் காய மறுக்கும். முதலில் பால் காய்ச்சிவிட்டுப் பிறகு மரவேலை தொடங்குபவர்கள் தை, ஆவணி மாதங்களுக்குப் பின் வருவார்கள். ஆகவே விசாரிப்புகள் சீராக வராது. ஒரே நேரத்தில் நான்கு பேர் கேட்கும்போது நான்கையும் ஏற்றால் எந்த சைட்டுக்கும் நேரத்தில் போக முடியாது. மேற்பார்வை சேர்ந்த வேலைகள் இரண்டுக்கு மேல் ஒரே சமயத்தில் வேண்டாம். மற்றவர்களிடம் எந்தத் தேதியிலிருந்து தொடங்க முடியும் என்று உண்மையைச் சொல்லுங்கள். பலர் காத்திருப்பார்கள்.

வேலையை ஏற்கும்போது இரண்டு பக்கத்துக்கு மிகாத ஒப்பந்தம் போதும். மின்னஞ்சலில் அனுப்பி, சம்மதம் என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. அதில் எத்தனை முறை மாற்றித் தருவீர்கள், எத்தனை சைட் விசிட், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பது கட்டாயம் இருக்க வேண்டும். பில்டர் சாவி தரத் தாமதித்து இரண்டு மாத வேலை ஐந்து மாதமாக இழுக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். அளவெடுக்கும் முன் 30 சதவீதம், லே-அவுட் ஒப்புதலான பின் 30, வொர்க்கிங் டிராயிங் கையில் தரும் முன் 30, வேலை முடிந்ததும் 10 என்று பிரிக்கலாம். முதல் சந்திப்புக்கு வீட்டுக்கே வரச் சொன்னால் அதற்கும் ஒரு சிறு கட்டணம் வையுங்கள். வேலை உறுதியானால் கழித்துக்கொள்ளலாம். உங்கள் டிராயிங்குகளின் பதிப்புரிமை, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கிறது. இந்த வீட்டுக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி, முழுத் தொகை வந்த பின் என்று எழுதிவிட்டால் உங்கள் படத்தை வைத்து வேறொருவர் வேறொரு வீட்டை முடிக்கும் சங்கடம் குறையும்.

பொருள், கூலி எல்லாவற்றையும் நீங்களே எடுத்து முடித்துத் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு இப்போதைக்கு மறுப்புச் சொல்லுங்கள். எட்டு லட்ச ரூபாய் வேலை மூன்றை ஓராண்டில் அப்படி ஏற்றால் உங்கள் கணக்கில் வந்துபோகும் தொகை 24 லட்சம். சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பான 20 லட்சத்தைத் தாண்டிவிடுவீர்கள், 18 சதவீத வரியையும் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிவரும். வருமான வரியிலும் இதே சிக்கல் இருக்கிறது. இன்டீரியர் அலங்காரம் உள்ளிட்ட சில தொழில்களுக்கு, மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டி எளிதாகக் கணக்கை முடிக்கும் வசதியைப் பழைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவாக நாம் அறிந்திருக்கிறோம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கும், அதில் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேலே போட்ட கணக்குப்படி ஆண்டுக்கு ரூ.9 லட்சம் டிசைன் கட்டணம் வந்தால், வருமானம் நாலரை லட்சம் என்று காட்டலாம். பிளைவுட் பணமும் உங்கள் கணக்கு வழியாக வந்தால் அதில் பாதியும் உங்கள் வருமானமாகத் தோன்றும். கடைக்கும் ஆசாரிக்கும் வீட்டுக்காரரே நேரடியாகப் பணம் செலுத்தட்டும். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பவரின் சென்னை வீட்டுக்கு வேலை செய்தால் அது ஏற்றுமதிச் சேவை என்று சிலர் சொல்வார்கள். வீடு இங்கே இருப்பதால் ஜிஎஸ்டியில் அப்படிக் கருதப்படாது.

கிளினிக், சிறு அலுவலகம் போன்ற வேலைகள் வந்தால், அவர்கள் ஆண்டுக்கு ரூ.50,000க்கு மேல் தரும்போது 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வருமான வரியாக, பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது வழக்கம். உங்கள் வரிக்கு மேல் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே முடியும். அதைச் செய்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் கூட்டு வட்டி சேரும். அந்தப் பதிவு எண் உங்கள் இன்வாய்ஸில் அச்சாகியிருந்தாலே பல கணக்குப் பிரிவுகளில் கோப்பு வேகமாக நகரும்.

அலுவலகம் வேண்டாம். சந்திப்புகள் வாடிக்கையாளர் வீட்டிலோ கடையிலோதான் நடக்கப் போகின்றன. நிறுவனப் பெயர் விருப்பமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் வரவுக்கென்று தனி வங்கிக் கணக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். விசிட்டிங் கார்டில் இன்டீரியர் டிசைனர் என்று மட்டுமே போடுங்கள், 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தை அதற்கான மன்றத்தில் பதிவு பெற்றவர்கள்தான் பயன்படுத்த முடியும்.